மருத்துவபீடம் கிடைக்காவிட்டால் புற்றுநோய் நிர்ப்பீடன ஆராய்ச்சிக்குப் போகலாமா?

விசுவமடுப் பக்கத்தில் இருந்து உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதிய ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. மருத்துவபீடத்துக்கு இசட் புள்ளி காணாதாம். நோயாளியின் சொந்தக் குருதிக் கலங்களையே மாற்றிப் புற்றுநோயைக் குணமாக்குகிறார்களாமே, அந்த ஆராய்ச்சியில் சேர டொக்டராகத்தான் இருக்கவேண்டுமா, எத்தனை வருசம் எடுக்கும் என்பது கேள்வி. அதற்கு அடியில் இன்னொன்றும் இருக்கிறது. சம்பளம் இல்லாமல் எத்தனை காலம் வீட்டாருக்குச் சுமையாக இருக்கவேண்டி வரும்? கடைசியில் கையில் ஒரு தொழிலாவது நிற்குமா? வன்னியில் இருந்து கேட்கும் ஒருவருக்கு இதுதான் பெரிய கேள்வி. எல்லாவற்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

டொக்டராக இருக்கவேண்டியதில்லை. உடலின் நோயெதிர்ப்பையே புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பும் நிர்ப்பீடன சிகிச்சைக்காக 2018இல் நோபல் பரிசு பெற்ற இருவரில் ஜேம்ஸ் அலிசன் மருத்துவர் அல்லர், உயிரியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். மற்றவரான தசுக்கு ஹொன்ஜோ மருத்துவம் படித்தவர். டி நிணநீர்க்குழியம் (டி கலம்) என்ற வெண்குழியத்தில், இலக்கை அறிந்து பற்றும் செயற்கை வாங்கியொன்றைப் பொருத்தலாம் என்று 1989இல் காட்டிய இஸ்ரேலின் செலிக் எஷார் நிர்ப்பீடனவியல் விஞ்ஞானி. அதை நோயாளிகளிடம் கொண்டுபோய்ச் சேர்த்த பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஜூன் மருத்துவர். நோயாளிக்கு ஏற்றுவதற்கும் ஏற்றியபின் கவனிப்பதற்கும் மருத்துவர் தேவை. ஏற்றப்படுகிற பொருளை உருவாக்குவது, சோதிப்பது, ஏன் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது பெரும்பாலும் விஞ்ஞானப் பட்டதாரிகளின் கையில் இருக்கிறது.

கால அளவையும் அந்தப் பெயர்களை வைத்தே பாருங்கள். எஷாரின் முதல் வாங்கி 1989. எமிலி வைட்ஹெட் என்ற 6 வயதுப் பிள்ளைக்குக் குருதிப் புற்றுநோய் திரும்பத் திரும்ப வந்து, பிலடெல்பியாவில் இந்தச் சிகிச்சை கொடுக்கப்பட்டது 2012. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கிம்ரையா என்ற பெயரில் அதை அனுமதித்தது 2017 ஓகஸ்ட். இருபத்தெட்டு வருசம். அலிசன் சிடிஎல்ஏ-4 என்ற தடுப்பு வாங்கியை மறித்தால் எலியின் கட்டி கரைகிறது என்று 1996இல் வெளியிட்டார், அதில் இருந்து வந்த மருந்து 2011இல்தான் அனுமதி பெற்றது. ஆகவே இந்தத் துறையில் இறங்குகிறவர், தான் தொடங்கியது மருந்தாவதைத் தன் தொழில்வாழ்க்கைக்குள் பார்ப்பார் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தூரம் மட்டும் குறைந்துகொண்டு வருகிறது. கிம்ரையாவின் விலை 4,75,000 டொலராக இருந்தபோது, ஐஐரி பம்பாயும் ராட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய, அதே வகைச் சிகிச்சையான நெக்ஸ்கார்19 இந்தியாவில் 2023 ஒக்ரோபரில் அனுமதி பெற்றது. விலை ஏறக்குறையப் பத்தில் ஒன்று. வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் ஹீமோபீலியா என்ற குருதி உறையாத நோயுள்ள ஐந்து பேருக்கு வைரசு வழியாகப் பரம்பரை அலகை (மரபணுவை) சேர்த்துச் செய்த சிகிச்சையின் முடிவுகள் 2024 கடைசியில் வெளிவந்தன. மன்னாரில் இருந்து பார்த்தால் பிலடெல்பியாவை விட வேலூர் கிட்ட.

இனி நாளாந்த வேலை. இதைச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்வது பிழை. ஏனென்றால் பெரும்பாலானோர் விட்டுப்போவது நோபல் கிடைக்காததால் அல்ல, கலங்கள் செத்துக்கொண்டே இருப்பதால். செயற்கை வாங்கி பொருத்திய டி கலத்தைக் கார்-டி கலம் என்பார்கள், அதைச் செய்ய முதலில் குருதி வேண்டும். மனிதக் குருதி என்பதால் நெறிமுறை மீளாய்வுக் குழுவின் அனுமதியும் கொடுப்பவரின் எழுத்துமூலச் சம்மதமும் இல்லாமல் ஒரு துளியும் எடுக்க முடியாது. எடுத்த குருதியைச் சம அளவு உப்புக்கரைசலில் ஐதாக்கி, 1.077 அடர்த்தியுள்ள ஃபைக்கோல் திரவத்தின் மேல் கலங்காமல் மெல்ல ஊற்றி, 400 மடங்கு புவியீர்ப்பில் 30 நிமிடம் மையநீக்கியில் சுற்றவேண்டும். மையநீக்கியின் பிரேக்கை நிறுத்திவைக்கவேண்டும். போட்டால் நடுவில் வெள்ளை வளையமாகப் படியும் குழியங்கள் மறுபடியும் கலந்துவிடும். குருதியையோ ஃபைக்கோலையோ குளிரூட்டியில் இருந்து எடுத்த கையோடு பாவித்தால் அடர்த்தி மாறி, வளையத்துக்குள் செங்குழியம் ஏறும். ஒரு நாளுக்கு மேல் பழகிய குருதி என்றால் வேறு வெண்குழியங்களும் வந்து கலக்கும். எல்லாம் சரியாகப் போனால் ஒரு மில்லிலீற்றர் குருதியில் இருந்து ஏறத்தாழப் பத்து இலட்சம் குழியங்கள் கிடைக்கும். டி கலங்கள் அதில் ஒரு பகுதி.

டி கலத்தை எழுப்பாமல் பெருக்க முடியாது. அதற்காக சிடி3, சிடி28 என்ற இரண்டு வாங்கிகளையும் ஒரேநேரம் தொடும் பிறபொருளெதிரி பூசிய நுண்மணிகளை, ஒரு கலத்துக்கு ஒரு நுண்மணி என்ற கணக்கில் போட்டு, கலத்தை வளரத் தூண்டும் புரதங்களான இன்ரலூக்கின்-2 அல்லது இன்ரலூக்கின்-7, 15 சேர்த்த வளர்ப்பு ஊடகத்தில் 37 பாகை செல்சியசிலும் 5 வீதக் காபனீரொட்சைட்டிலும் வைப்பார்கள். அடுத்த நாளே கலங்கள் பருத்துக் கொத்தாகச் சேரும். சேரவில்லை என்றால் அந்தத் தொகுதியை அங்கேயே நிறுத்துவது நல்லது, வாங்கியின் பரம்பரை அலகைக் கலத்துக்குள் சுமந்துபோகும் வைரசை மேலே போட்டு வீணாக்கக்கூடாது. 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வைரசைக் கொடுக்கவேண்டும். பிறகு மில்லிலீற்றருக்கு ஐந்து முதல் பத்து இலட்சம் கலம் என்ற நெருக்கத்தைக் காக்க நாளுக்கு நாள் எண்ணி ஊடகம் சேர்க்கவேண்டும். நெருக்கம் கூடி ஊடகம் மஞ்சளாகிவிட்டால் அமிலம் ஏறியிருக்கிறது, கலம் களைக்கும். எண்ணிக்கை போதும் என்றதும் நிறுத்திவிடவேண்டும். கூட வளர்த்தால் கூடக் கிடைக்கும் என்று இரண்டு கிழமைக்கு மேல் இழுத்தால் தொகை நிறைய வரும், ஆனால் முதிர்ந்த கலங்கள். உடலுக்குள் போனபின் நிலைக்காது.

வைரசுதான் இந்த வேலையில் அதிகம் கண்ணீர் விடவைக்கும் இடம். நோய் உண்டாக்கும் பகுதிகள் நீக்கப்பட்ட லென்ரிவைரசு ஒன்றை ஆய்வுகூடத்திலேயே செய்வார்கள். எச்ஈகே293ரி என்ற மனிதக் கலவரிசைக்குள் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையங்கள் மூன்று அல்லது நான்கைச் சேர்த்துச் செலுத்தினால் கலமே வைரசைக் கட்டி வெளியே விடும். 48ஆம், 72ஆம் மணித்தியாலங்களில் மேல்திரவத்தை எடுத்து 0.45 மைக்ரோன் வடியில் வடிப்பது வழமை. இங்கே புதியவர்கள் வழுக்கும் இடங்கள் எல்லாம் சின்னச்சின்னவை. இந்தக் கலங்கள் தட்டில் இளகலாகத்தான் ஒட்டியிருக்கும், ஊடகத்தை நேரே மேலே ஊற்றினால் பாயாகக் கழன்று வரும். 70 முதல் 80 வீதம் நிறைந்த தட்டில் செலுத்தவேண்டும், முழுதும் நிறைந்துவிட்டால் விளைச்சல் குறையும். நைத்திரோசெலுலோசு வடியில் வடித்தால் வைரசு வடியிலேயே ஒட்டிக்கொள்ளும், அதற்குப் புரதம் ஒட்டாத வடி வேண்டும். சேமிக்கும்போது சிறு குழாய்களில் பங்கிட்டு -80 பாகையில் வைக்கவேண்டும், ஒருமுறை உருக்கி மறுபடி உறைத்தாலே வீரியம் விழும். இந்த வைரசு ஏறத்தாழ 9,000 நியூக்கிளியோரைட்டு நீளத்துக்கு மேல் சுமக்காது. கண்ணுக்கும் ஈரலுக்கும் செய்யும் பரம்பரை அலகு சிகிச்சைகளில் பாவிக்கும் ஏஏவி என்ற வைரசு 4,700க்கு மேல் சுமக்காது. வடிவமைக்கும் மேசையிலேயே இந்தக் கணக்கைப் பார்க்காமல் மாதக்கணக்கைத் தொலைத்தவர்கள் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத எதிரி மைக்கோபிளாஸ்மா. கலச்சுவர் இல்லாத பற்றீரியா என்பதால் பெனிசிலின் அதைத் தொடாது. சாதாரண நுணுக்குக்காட்டியில் தெரியாது, ஊடகமும் கலங்காது. 0.22 மைக்ரோன் வடியைக்கூடத் தாண்டும். கலம் செத்தும் போகாது. வளர்ச்சி மட்டும் மந்தமாகி, முடிவுகள் எல்லாம் ஒரு பக்கம் சாயும். மாதம் ஒருமுறை, கிருமியின் டிஎன்ஏயைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் சோதனை செய்யாத ஆய்வுகூடத்தின் எண்களை நான் நம்பமாட்டேன். புதிதாக வரும் எந்தக் கலவரிசையையும் சோதனை முடியும்வரை வேறு அடைகாப்பானில் ஒதுக்கி வைப்பது ஒழுங்கு.

செய்து முடித்த கலம் புற்றுக்கலத்தைக் கொல்கிறதா என்று காட்டுவது கடைசிப் படி. விஞ்ஞானி யார், தொழில்நுட்பவியலாளர் யார் என்று பிரிவது இங்கேதான். பி கலங்களின் மேற்பரப்பில் இருக்கும் இலக்கான சிடி19 உள்ள நால்ம்-6 குருதிப் புற்றுக்கலத்தோடு கார்-டி கலத்தை ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு ஐந்து என்று கலந்து வைத்து, கொலை நடந்தது என்று படம் போட்டால் போதாது. அதே ஆளின் குருதியில் இருந்து எடுத்து, அதே நாட்கள் வளர்த்து, வைரசு மட்டும் கொடுக்காத டி கலத்தையும் பக்கத்தில் வைக்கவேண்டும். ஏனென்றால் அந்நிய ஆளின் புற்றுக்கலத்தை வாங்கி இல்லாத டி கலமும் ஓரளவு தாக்கும். சிடி19 இல்லாத கே562 போன்ற கலத்தையும் வைக்கவேண்டும், அதையும் கொன்றால் உங்கள் வாங்கி இலக்கை அறியவில்லை என்று அர்த்தம். குருதி கொடுத்தவர்கள் ஆகக்குறைந்தது மூவராவது இருக்கவேண்டும், ஆளுக்கு ஆள் அவ்வளவு வேறுபாடு. கலங்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் ஃபுளோ சைற்றோமீற்றரில் அளக்கும்போது இறந்த கலத்தைக் காட்டும் சாயம் போடாமல் விட்டால், இறந்த கலங்கள் எல்லாப் பிறபொருளெதிரியையும் இழுத்துப் பிடித்து, இல்லாத வெற்றியைக் காட்டும். கட்டுப்பாட்டுச் சோதனை என்று உயர்தரத்தில் இரண்டு புள்ளிக்குப் படித்தது இங்கே தொழிலின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது.

எது உறுதி, எது இன்னும் இழுபறி என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். பி கலக் குருதிப் புற்றுநோய்களில் இந்தச் சிகிச்சை வேலை செய்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. வேறு வழி தீர்ந்த சிறுவர், இளைஞர் 75 பேரில் 81 வீதத்தினருக்கு மூன்று மாதத்துக்குள் நோய் தணிந்ததாக 2018இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு நோய் திரும்பியது என்பதும் உறுதி. புற்றுக்கலம் சிடி19ஐக் கைவிட்டு ஒளிந்துகொள்வது அதற்கு ஒரு காரணம். நோயெதிர்ப்பு மிதமிஞ்சிப் பொங்கும் சைற்றோக்கைன் கொந்தளிப்பு ஆபத்தானது, ரொசிலிசுமாப் என்ற மருந்து அதைப் பெரும்பாலும் அடக்கும். மார்பு, ஈரல், குடல் போன்ற திண்மக் கட்டிகளில்தான் இழுபறி. கட்டியின் எல்லாக் கலத்திலும் ஒரே இலக்கு இருப்பதில்லை, கட்டியின் சூழல் டி கலத்தை மயக்குகிறது, இலக்கு நல்ல உறுப்பிலும் கொஞ்சம் இருந்தால் விபரீதம். ஹெர்2 என்ற புரதத்தைக் குறிவைத்த கார்-டி கலங்கள் நுரையீரலைத் தாக்கி நோயாளி ஒருவர் இறந்த சம்பவம் 2010இல் பதிவானது. பரம்பரை அலகு சிகிச்சையின் வரலாற்றிலும் இப்படியான நாட்கள் உண்டு. 1999இல் பென்சில்வேனியாவில் அடினோவைரசு ஏற்றப்பட்ட 18 வயது ஜெசி ஜெல்சிங்கர் இறந்தார். பாரிஸ் நகரில் நிர்ப்பீடனக் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் சிலருக்கு, வைரசு எல்எம்ஓ2 என்ற பரம்பரை அலகுக்கு அருகே போய் அமர்ந்ததால் குருதிப் புற்றுநோயே வந்தது. கார்-டி சிகிச்சைக்குப் பிறகு அரிதாக டி கலப் புற்றுநோய் வரலாம் என்ற எச்சரிக்கையை 2024 ஜனவரியில் அமெரிக்க நிறுவனம் மருந்துகளில் சேர்க்கச் சொன்னது. அது எவ்வளவு தூரம் சிகிச்சையால், எவ்வளவு தூரம் முந்திய கீமோவால் என்பது இன்னும் தீரவில்லை.

எங்கள் பக்கத்துக்கு இதில் எது முக்கியம் என்றால், என் அபிப்பிராயத்தில் கார்-டி முதல் இடத்தில் இல்லை. இலங்கை ஆண்களிடம் முன்னுக்கு நிற்பது வாய்ப்புற்றுநோய், வெற்றிலையோடு மெல்லும் பாக்கும் புகையிலையும் செய்கிற வேலை. அது திண்மக் கட்டி. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்க்கு, பிடி-1 என்ற இன்னொரு தடுப்பு வாங்கியை மறிக்கும் மருந்தான பெம்புரோலிசுமாப் 2019 முதல் முதற்கட்டச் சிகிச்சையாகவே அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டிருக்கிறது. யாருக்கு அது வேலை செய்யும், யாருக்குச் செய்யாது என்று கட்டியின் மாதிரியில் இருந்து முன்கூட்டிச் சொல்லும் ஆராய்ச்சிக்கு வைரசும் வேண்டாம், பெரிய தூய அறையும் வேண்டாம். நோயாளிகளின் மாதிரி இங்கேயே இருக்கிறது. வெளியே படித்துவிட்டு வருகிறவர் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருந்தபடி உலகத்துக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லக்கூடிய இடம் இது.

பாதைக்கு வருவோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் ஒதுக்கீட்டில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகம். வன்னி மாவட்டங்கள் அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருப்பதால், மருத்துவத்துக்குக் காணாத புள்ளி வேறு நல்ல கற்கைநெறிகளுக்குக் காணும். தெரிவுப் படிவத்தில் உயிரியல் விஞ்ஞானம், கொழும்பின் உயிரிரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும், யாழ்ப்பாணம் அல்லது பேராதனையின் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகியவற்றை முன்னுக்குப் போடுங்கள். பேராதனை விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியலுக்கென்றே தனித் துறை உண்டு. வீட்டின் பொருளாதாரம் இறுக்கம் என்றால் நான் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தை முதலில் வைப்பேன். ஆராய்ச்சிக்குப் போகும் வழி மூடாது, போகாவிட்டாலும் வைத்தியசாலை ஆய்வுகூடங்களில் தொழில் இருக்கிறது. எதை எடுத்தாலும் மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நிறுத்தவேண்டாம். நான்கு வருடச் சிறப்புப் பட்டமும் அதன் இறுதி ஆய்வுத்திட்டமும்தான் வெளிநாட்டுக் கலாநிதிப் படிப்புக்கு உங்கள் நுழைவுச்சீட்டு. அந்த ஆய்வுத்திட்டம் டி கலத்தில் இருக்கவேண்டும் என்று காத்திருக்காதீர்கள். பற்றீரியாவில் பிளாஸ்மிட் ஏற்றியதும், வாழைத் திசுவைக் கிருமி படாமல் வளர்த்ததும், டெங்கு வைரசுக்குப் பிசிஆர் செய்ததும் அதே கைப்பழக்கத்தைத்தான் தருகின்றன.

வருசக் கணக்கு இப்படி வரும். பட்டம் நான்கு. பிறகு ஆய்வு உதவியாளராகவோ முதுமாணியிலோ ஒன்று, இரண்டு. கலாநிதிப் பட்டம் அமெரிக்காவில் ஐந்து, ஆறு, ஐரோப்பாவில் முதுமாணிக்குப் பின் மூன்று, நான்கு. அதற்குமேல் போஸ்ட்டொக் என்ற கலாநிதிக்குப் பிந்திய ஆராய்ச்சிப் பயிற்சி மூன்று முதல் ஐந்து. தனக்கென ஆய்வுகூடம் அமைக்கும்போது வயது முப்பத்தைந்து தாண்டும், அந்த இடத்துக்குப் போகாதவர்கள்தான் அதிகம். ஆனால் சம்பளமில்லாத காலம் அவ்வளவு நீளமல்ல. அமெரிக்க உயிர்மருத்துவக் கலாநிதித் திட்டங்கள் கட்டணத்தையும் கட்டி, மாதக் கொடுப்பனவும் தரும். ஜேர்மனியில் ஹைடல்பேர்க்கின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் கலாநிதி மாணவர் சம்பள ஒப்பந்தத்தில் வேலை செய்பவர். ஆகவே வீட்டார் தாங்கவேண்டியது பட்டப்படிப்பும் அதற்குப் பிந்திய ஒன்றிரண்டு வருடமும்தான், அதிலும் மகாபொல புலமைப்பரிசில் கொஞ்சம் கைகொடுக்கும். கலாநிதிப் படிப்புக்குத் தாமே பணம் கட்டச் சொல்லும் இடத்துக்குக் கடன் வாங்கிப் போகவேண்டாம். அமெரிக்க அரசின் பயிற்சி நிதிகள் அந்நாட்டுப் பிரசைகளுக்கும் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களுக்கும் மட்டுமே என்பதால் வெளிநாட்டவருக்கான இடம் குறைவு, 2025இல் ஆராய்ச்சி நிதி சுருங்கியபோது பல திட்டங்கள் இன்னும் குறைத்தன. ஒரு நாட்டை மட்டும் நம்பாமல் பொதுநலவாயப் புலமைப்பரிசில், இந்திய ஐசிசிஆர், அவுஸ்திரேலியா என்று பரப்பி விண்ணப்பியுங்கள். பேராசிரியராகத்தான் வரவேண்டும் என்றும் இல்லை. கலங்களை நோயாளிக்கென்று தயாரிக்கும் நிறுவனங்களில் உற்பத்தி, தரக்கட்டுப்பாடு, ஒழுங்குபடுத்தல் வேலைகளுக்கு முதுமாணியோடே எடுக்கிறார்கள். மேலே சொன்ன மைக்கோபிளாஸ்மாச் சோதனையும் ஒரு கலத்தில் எத்தனை வைரசுப் பிரதி இருக்கிறது என்ற கணக்கும் அங்கே முழுநேரத் தொழில்.

பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கிடக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். தமிழில் உயர்தரம் எழுதியவருக்கு முதல் வருடத்தில் அடி விழுவது உயிரியலில் அல்ல, ஆங்கிலத்தில் எழுதுவதில். நாளுக்கு ஒரு ஆய்வுச் சுருக்கத்தை எடுத்து, என்ன கேட்டார்கள், என்ன கட்டுப்பாடு வைத்தார்கள், என்ன கண்டார்கள் என்று மூன்று வசனம் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். ஒரு மடிகணினி கிடைத்தால் புள்ளிவிபரத்துக்கு ஆர் மென்பொருளும் படங்களை அளக்க இமேஜ்ஜேயும் இலவசம். சிடி19ஐ அறியும், வெளியிடப்பட்ட கார் வாங்கி ஒன்றின் டிஎன்ஏ வரிசையை எடுத்து, இலக்கை அறியும் பகுதி, சிடி8 பிணைப்பு, 4-1பிபி, சிடி3 சீற்றா என்று துண்டு துண்டாக அடையாளம் காணுங்கள். மூன்று மூன்றாக வாசிக்கும் சட்டகம் எங்கும் நழுவவில்லையா, நடுவில் நிறுத்தற் குறி வருகிறதா, மொத்த நீளம் வைரசுக்குள் அடங்குமா என்று பாருங்கள். ஆய்வுகூடம் இல்லாமலே செய்யக்கூடிய உண்மையான வேலை இது.

ஆய்வுகூடத் தலைவர்களுக்கு எழுதும் நாள் வரும்போது, அவருடைய ஒரு கட்டுரையை வாசித்து அதில் எழுந்த ஒரு கேள்வி, உங்கள் கைக்குத் தெரிந்த மூன்று நுட்பம், எந்தத் திட்டத்துக்கு எப்போது விண்ணப்பிக்கிறீர்கள் என்பவை மட்டும் போதும். பத்து வரிக்கு மேல் வேண்டாம், நாற்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பவும் வேண்டாம். அமெரிக்கத் திட்டங்களின் முடிவுத்திகதி பெரும்பாலும் டிசம்பர் முதற்கிழமையை ஒட்டி வரும், ஆகவே ஓகஸ்ட், செப்ரெம்பரில் எழுதுங்கள். விண்ணப்பக் கட்டணம் கட்ட வசதியில்லை என்றால் விலக்குக் கேட்டும் அதே மாதங்களில் எழுதலாம், கேட்பவர்களுக்குப் பல இடங்களில் கொடுக்கிறார்கள். இரண்டு கிழமையாகப் பதில் இல்லை என்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் இல்லை என்றால் அடுத்த ஆய்வுகூடத்துக்கு எழுதுங்கள்.